மூன்று முழத் திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முத்தியால்பேட்டையில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. ஊசியால் சேர்த்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை வாயால் விரட்டிவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அதில் இது ஒன்று. நான் அளவெடுத்துத் தைப்பேன், அவர் சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் கடற்கரைத் தெருவில் இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து போன் வந்தது. அதன் மேனேஜர் பெண் எனக்குப் பழக்கம். அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சு பேசுகிறார்கள். கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

"அக்கா, ஓர் அவசரம். மாடி ஹால்ல நடுவுல திரை கட்டணும். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்."

"இன்னா, கல்யாணமா?"

"இல்லக்கா, சாமி கும்பிட."

பிரான்சிலிருந்து இருபது யூதர்கள் கூட்டாகத் தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்கள். பதினொரு ஆண்கள், ஒன்பது பெண்கள். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், வண்டி ஏறமாட்டார்கள். அதனால் அந்த ஒரு நாளைப் புதுச்சேரியிலேயே கழிக்கிறார்கள். வெள்ளி மாலை மாடி ஹாலில் பிரார்த்தனை. ஆணும் பெண்ணும் நடுவில் தடுப்பு இல்லாமல் ஒரே இடத்தில் நின்று பிரார்த்திக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. பிளேன் ஏறி வந்தும் இது விடாதா என்று நினைத்தேன். நினைத்ததைப் போனிலேயே சொல்லியும்விட்டேன்.

"அக்கா, உங்க தெரு மாதா கோயில்ல ஆம்பளைங்க வலது பக்கம், பொம்பளைங்க இடது பக்கம்தானே உக்கார்றாங்க? பஸ்ல லேடீஸ் சீட்டு இல்லையா? ரேஷன் கடையில ரெண்டு வரிசை இல்லையா?" என்றாள் அவள்.

அதுவும் நியாயம்தான். நம் ஊரில் தடுப்புக் கட்டத் துணியே தேவையில்லை. கல்யாணப் பந்தலில் நாற்காலி போட்டால் தானாக இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்துவிடுவோம். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் அளவும் கேட்டதில்லை. இவர்கள் அளவு கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிது.

வியாழக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அளவெடுக்கப் போனேன். மாடி ஹால் நீளமானது. கிழக்கே கடலைப் பார்த்துப் பெரிய வளைவுகள், அங்கேயே ஓரத்தில் படிக்கட்டு வந்து ஏறும் வாசல். மேற்கே ஜன்னல், அதற்கப்பால் தெரு. குழுவை அழைத்து வந்தவன் முப்பது வயதுத் தாடிக்காரப் பிள்ளை, வேதம் படித்தவனாம். அவன் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல மேனேஜர் பெண் எனக்குச் சொன்னாள். எனக்கும் கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் அடித்துப் புகட்டிய பிரெஞ்சு கொஞ்சம் உண்டு. யாராவது மெதுவாகப் பேசினால் புரியும். நான் பேசினால்தான் அவர்களுக்குப் புரியாது.

"உயரம் மூணு முழம் இருக்கணுமாம்," என்றாள் மேனேஜர் பெண்.

"முழமா?"

பிள்ளை தன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை தொட்டுக் காட்டினான். நம் முழமேதான். அவர்கள் வேதத்திலும் முழம்தான் அளவு என்று கேட்டதும் எனக்கு அவர்கள் மேல் பாதிக் கோபம் போய்விட்டது.

"யார் கை முழம்? எங்க மார்க்கெட்டுல பூக்காரம்மா கைக்கு ஒரு முழம், வாங்கறவ கைக்கு ஒரு முழம். அந்தச் சண்டையில பாதிக் காலைப்பொழுது போயிடும்."

இதை அவள் மொழிபெயர்த்ததும் அந்தப் பிள்ளை கைதட்டிச் சிரித்தான். அவர்களுடைய பெரியவர்களும் இதே சண்டையை நூற்றாண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். குட்டைக் கை முழத்துக்கு மூன்று முழம் நாலரை அடி. நெட்டைக் கை முழத்துக்கு ஆறடி. தோள் மறைந்தால் போதும் என்பது ஒரு கட்சி, தலையே தெரியக்கூடாது என்பது இன்னொரு கட்சி. அவன் தோள் கட்சி. ஐந்தடி போதும் என்றான். இன்னும் இரண்டு விதி சொன்னான். கீழே தரைக்கும் துணிக்கும் நடுவில் மூன்று கைப்பிடி அகலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. சாதாரணக் காற்றுக்கு அது ஆடக்கூடாது. காற்றுக்கு ஆடுவது சுவர் ஆகாது, துணிதான்.

இருபது வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் ஒரு திரையைப் பற்றி இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. "ஜன்னலை மூடற மாதிரி எதையாச்சும் மாட்டு" என்பவர்களுக்கு நடுவில் இப்படி ஒருவன்! எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். எதுக்காக இந்தப் பிரிவினை என்று கேட்டேன்.

வெகு பழங்காலத்தில் அவர்களுடைய பெரிய ஆலயத்தில் ஒரு திருவிழாவாம். ஆணும் பெண்ணும் கலந்து நின்றதில் கும்மாளம் எல்லை மீறிப் போயிற்று. அப்புறம் பெண்களுக்கு மேலே ஒரு மாடம் கட்டி, அவர்களை அங்கே ஏற்றிவிட்டார்கள்.

"கும்மாளம் போட்டவன் ஆம்பளைன்னா ஆம்பளையையில்ல மாடி ஏத்தணும்?" என்றேன்.

மேனேஜர் பெண் இதை மொழிபெயர்க்கவில்லை.

அப்போது மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நல்ல உயரம், ஒல்லி, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. "ஐந்தடி போதாது. ஏழடி. கனமான துணி. நிழல்கூடத் தெரியக்கூடாது," என்றார். தாடிக்காரப் பிள்ளை சட்டத்தை எடுத்துச் சொன்னான். பெரியவர் தலையை அசைத்து மறுபடியும் "ஏழடி" என்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மிகச் சின்ன உருவம், தலையில் நீலத் துணி சுற்றியிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏழடிக்கு அந்தாண்ட இன்னா, யானையா கட்டப் போறாரு?" என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் தரையைப் பார்த்தார். நான் வாய் திறந்தாலே தரையைப் பார்ப்பது அவர் வழக்கம்.

வாடிக்கையாளர் கேட்பதைத் தருவதுதான் தொழில். ஓட்டல்களுக்குப் போடும் பிளாக்அவுட் துணியில், பகலையே இரவாக்கும் அந்தக் கெட்டித் துணியில், ஏழடி உயரத்துக்குத் தைத்தேன். நிற்க வைக்க என் வீட்டுக்காரர் தன் வழியில் இரும்புப் பைப்புகளைப் பழைய பெயிண்ட் டப்பாவில் சிமென்டு ஊற்றி நட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் திரை ஹாலின் குறுக்கே நின்றது. நாற்காலிகளையும் நானே போட்டேன். கடலைப் பார்த்து, கிழக்கு முகமாக. ஆண்கள் முன்னால் கடல் பக்கம், பெண்கள் பின்னால் தெருப் பக்கம்.

தாடிக்காரப் பிள்ளை வந்து பார்த்தான். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மேற்கே ஜன்னலைக் காட்டி, ஜெருசலேம் அந்தப் பக்கம் என்றான்.

எனக்கு எங்கே தெரியும்? கோயில், மாதா கோயில், காலையில் எழுந்து கும்பிடும் சூரியன் எல்லாமே எனக்குக் கிழக்குத்தான். கிழக்கே பார்க்காத சாமியை நான் யோசித்ததே இல்லை. இவர்கள் உலகத்தில் எங்கே நின்றாலும் ஜெருசலேமைப் பார்த்துத்தான் நிற்பார்களாம். நம் ஊரிலிருந்து அது மேற்கே. நான் போட்ட வரிசைப்படி எல்லோரும் மேற்கே திரும்பியிருந்தால் ஒன்பது பெண்கள் முன்னால் நின்று நடத்த, பதினொரு ஆண்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பார்கள். மூவாயிரம் வருடச் சட்டத்தை முத்தியால்பேட்டைக்காரி ஒரு காலைப்பொழுதில் கவிழ்த்திருப்பேன்.

திரையை அசைக்கவில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம். ஆண்கள் தெருப் பக்கம், பெண்கள் கடல் பக்கம். பின்வரிசைதான், ஆனால் காற்று முழுக்க எங்கள் பக்கம். எனக்கு அதில் ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி பன்னிரண்டு மணிவரைதான் இருந்தது. கடல்காற்று எழும்பியதும் ஏழடித் துணி பாய்மரம் போல உப்பிக்கொண்டு எழுந்தது. பெயிண்ட் டப்பாக்கள் தரையில் கறகறவென்று நகர்ந்தன. என் வீட்டுக்காரர் இரண்டு டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடிக்காரப் பிள்ளை உதட்டைப் பிதுக்கினான். காற்றுக்கு ஆடினால் சுவர் இல்லை. பெரியவர் படி ஏறி வந்து இந்தக் கூத்தைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துபோயிற்று. அந்த நேரத்தில் யாராவது ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம். நான், "சாண் ஏறினா முழம் சறுக்கும்னு சொல்லு அவருக்கு," என்றேன். நல்ல வேளை, மேனேஜர் பெண் அதையும் விழுங்கிவிட்டாள்.

அப்போது யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியவரின் மனைவி. படிக்கட்டுத் திருப்பத்துக்கு என்னையும் மேனேஜர் பெண்ணையும் கூட்டிப் போய், மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். காது மந்தமானவர்களுக்குத் தாழ்ந்த குரல் வராது. அவர் இரகசியம் பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். தெருவுக்குப் பிரெஞ்சு புரியாததாலும், மேலே டப்பாக்கள் போட்ட இரைச்சலாலும் தப்பித்தார்.

"மதாம் சொல்றாங்க, இந்தத் துணி வேணாமாம். இதுல காதை வெச்சுப் பாத்தாங்களாம். அந்தப் பக்கம் பேசறது ஒண்ணும் கேக்கலையாம். அவங்களுக்குக் கேக்கணுமாம்."

"எதைக் கேக்கணும்?"

மேனேஜர் பெண் கொஞ்ச நேரம் அவர் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லும்போது அவள் குரல் மாறியிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகன். போய் மூன்று வருடம் ஆகிறது. இன்று மாலை அவன் திதி. செத்தவர்களுக்காக ஒரு பிரார்த்தனை உண்டு, கதீஷ் என்று பெயர். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாதாம், கடவுளைப் புகழ்வது மட்டும்தான். பத்து ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்ல முடியும். வயதான காலத்தில் ஊர் சுற்றக் கிளம்பினாலும் திதி தவறக்கூடாது என்றுதான் பத்து ஆண்களுக்குக் குறையாத இந்தக் குழுவோடு சேர்ந்து வந்திருக்கிறார்கள். அப்பா எழுந்து நின்று சொல்வார், கூட்டம் "ஆமென்" சொல்லும்.

"மகன் போனதுலேர்ந்து அவர் வீட்டுல ஒரு நாள்கூட அழலையாம். இவங்க மனசு ஒடிஞ்சிடும்னு அடக்கிக்கினு இருக்காராம். ஆனா ஜெப ஆலயத்துல, அந்தப் பிரார்த்தனை சொல்றப்ப மட்டும் அழுவாராம். நடுவுல தடுப்பு இருக்கு, இவங்க பாக்க மாட்டாங்கன்னு தைரியம். அவங்க ஊர்ல இவங்க மேல மாடத்துல, அவர் கீழ எங்கியோ மூலையில. ஒண்ணும் கேக்காது. வெளிய வர்றப்ப கண்ணு செவந்திருக்கறதைப் பாத்துதான் இவங்களுக்குத் தெரியும். இன்னைக்குத்தான் பத்தடி தூரத்துல நிக்கறாராம். ஒரு தடவை கேக்கணும்ங்கறாங்க. ஆனா தான் பாக்கறதா அவருக்குத் தோணவே கூடாதாம். தோணினா அடக்கிடுவாரு."

மதாம் என் கையை விடவில்லை. "கேட்க வேண்டும். தெரியக் கூடாது," என்று எனக்காக மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பிறகு விரலை உதட்டில் வைத்து மேலே காட்டினார். தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியக்கூடாது.

ஏழடி எதற்குக் கேட்டார் என்பது இப்போது விளங்கியது. அழுவது வெளியே தெரியாமலிருக்க மனுஷன் சுவர் கேட்டிருக்கிறார். நான் யானை, பூனை என்று பேசியிருக்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடாமல் இருப்பது மொழிபெயர்ப்பவளின் புண்ணியம்.

மேலே போய்த் தாடிக்காரப் பிள்ளையிடம், ஐந்தடியாகக் குறைத்தால் காற்றுக்கு நிற்கும், வேறு துணி போடுகிறேன், அடி மடிப்பில் ஒரு பைப்பை நுழைத்து டப்பாக்களோடு கட்டிவிடலாம் என்றேன். அவனுக்குச் சம்மதம். ஆடுகிற ஏழடியைவிட நிற்கிற ஐந்தடிதான் சட்டப்படி சுவர் என்று பெரியவரிடம் சொன்னான். பெரியவர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நின்றார். நான் மதாமை இழுத்து வந்து பைப்பின் பக்கத்தில் நிறுத்தி, ஐந்தடியில் கை வைத்துக் காட்டினேன். அந்த அம்மாள் நாலே முக்கால் அடி. தலைக்கு மேல் மூன்று விரல் மிச்சம்.

"இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாதே?" என்று ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு பெரியவர் கேட்டார்.

"தெரியாது, முசியே," என்றேன். அவர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்தைக் காட்டினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கடைக்கு வந்து துணிகளையெல்லாம் இழுத்துப் போட்டேன். கடைசியில் அகப்பட்டது காடாத் துணி. வெளுக்காதது, கஞ்சி வாடை போகாதது, உள் லைனிங்குக்கு வைத்திருந்தது. பார்வை போகாது, நூலுக்கு நூல் இடைவெளி இருப்பதால் சத்தம் போகும் என்று மனசு சொன்னது. ஆனால் என் மனசை நம்பி அந்த அம்மாளை உட்காரவைக்க முடியாது. என் வீட்டுக்காரரைத் துணிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன்.

"எதனா பேசு."

நீண்ட நேரம் சத்தமில்லை.

"இன்னா பேசறது?"

"எதுன்னாலும் பேசு. கேக்குதான்னு பாக்கணும்."

மறுபடியும் அமைதி. பிறகு துணிக்கு அந்தப் பக்கமிருந்து, "பசிக்குது," என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "நீயும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை," என்று வந்தது.

தெளிவாகவே கேட்டது. இருபத்தாறு வருடம் நேருக்கு நேர் வாழ்ந்து வராத வாக்கியம் ஒரு முழத் துணியைத் தொங்கவிட்டதும் வந்துவிட்டது. "சரி, துணி தேறிடுச்சு," என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். அவர் போய் இரண்டு பொட்டலம் தக்காளி சாதம் வாங்கி வந்தார்.

ஐந்து மணிக்குப் புதுத் திரை நின்றது. அதற்குள் காற்று அடங்கிவிட்டது. அத்தனை பாடுபட்டுப் பைப் நுழைத்து, முடிச்சு முடிச்சாகக் கட்டி வைத்தால், ஓர் இலை அசையவில்லை. கடல் பாய் விரித்தது போல் கிடந்தது. தாடிக்காரப் பிள்ளை திரையை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். விளக்குகளை முன்னாலேயே போட்டு வைத்தார்கள். ஓய்வுநாள் தொடங்கியபின் சுவிட்சைத் தொடக்கூடாது. முடிச்சுப் போடக்கூடாது. இன்னொருவரைப் போடச் சொல்லவும் கூடாது.

நான் கிளம்பத்தான் எழுந்தேன். மதாம் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

பாட்டு தொடங்கியது. ஓய்வுநாளை மணப்பெண்ணாக நினைத்து அழைக்கும் பாட்டு என்று மேனேஜர் பெண் காதில் சொன்னாள். நல்ல தாளம், என் கால் ஆடியது. அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு கிளிப் நழுவித் துணி ஒரு கை அளவு தொங்கிப் போயிற்று. ஒன்பது பெண்களும் கிளிப்பைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் கிளிப்பைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. என்னிடம் இதற்குமுன் இவ்வளவு மரியாதையாக யாரும் வேலை வாங்கியதில்லை.

எழுந்து போய்க் கிளிப்பை மாட்டினேன். எனக்கு ஐந்தரையடி உயரம். திரைக்கு மேலே என் தலை நீட்டிக்கொண்டிருந்தது. மேற்கே பார்த்து நின்ற ஆண்களின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. பாட்டின் கடைசி அடிக்கு வந்ததும், சொல்லி வைத்தாற்போல் பதினொரு ஆண்களும் சட்டென்று திரும்பி நேராக என்னைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே வலது பக்கம் குனிந்து ஒரு கும்பிடு, இடது பக்கம் குனிந்து ஒரு கும்பிடு.

மணப்பெண் வருவதாக நினைத்து வாசல் பக்கம் திரும்பி வணங்குவார்களாம். வாசல் எனக்குப் பின்னால் இருந்தது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? நாற்பத்தெட்டு வயதில், தலையில் நூல் பிசிறோடு, வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டு நின்ற என்னைப் பதினொரு பேர் மணப்பெண்ணாக வணங்கிவிட்டார்கள். தாடிக்காரப் பிள்ளை மட்டும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். நான் படக்கென்று குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கும்மாளம் கூடாது என்று கட்டிய திரைக்குப் பின்னால் அன்றைக்கு நடந்த ஒரே கும்மாளம் நான்தான்.

அதற்கப்புறம் நீளமான பிரார்த்தனை. பெண்கள் புத்தகத்தைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்கள். கடைசியில் எல்லாம் அடங்கி, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மதாம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று என்னையும் அழைத்தார். நல்ல காது துணியின் பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பெரியவரின் குரல். முதல் வரி கணீரென்று வந்தது. கூட்டம் "ஆமென்" சொன்னது, எங்கள் தெருவில் சொல்லும் அதே ஆமென். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. நடுவில் ஓர் இடத்தில் குரல் நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு அடக்கி அடக்கி, அடக்க முடியாமல் ஓர் ஆண் அழும் சத்தம். காடாத் துணி வழியாக அவ்வளவும் வந்தது.

மதாம் என் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்தார். இன்னொரு கையால் திரையின் ஓரத்தை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஒரு சத்தமில்லை. காது மந்தமான, இரகசியத்தைக்கூட உரக்கப் பேசும் அந்த அம்மாள் எப்படி அவ்வளவு சத்தமில்லாமல் அழுதார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நானும் அழுதேன். எனக்குச் சத்தம் வந்துவிடும் என்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் குரல் மறுபடியும் எழுந்து, கடைசிவரை சொல்லி முடித்தது. கடைசி "ஆமென்" எல்லோரும் சொன்னபின், இந்த அம்மாளின் ஆமென் தனியாக, ஒரு நிமிஷம் தாமதமாக வந்தது. பிறகு கண்ணைத் துடைத்து, தலைத்துணியைச் சரிசெய்து, உதட்டில் ஒரு சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு திரையைச் சுற்றிப் போனார். பெரியவர் முகத்தைத் துடைத்து முடித்திருந்தார். அவர் சட்டைக் காலர் மடிந்திருப்பதாகச் சொல்லி மதாம் அதை நீவிவிட்டார். அவர், இங்கே நல்ல புழுக்கம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையைக் கழற்றப் போனேன். கீழே எல்லோரும் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். அவர்கள் கிளம்ப வண்டி வந்து நின்றது. மாடியில் நான் மட்டும் முடிச்சவிழ்த்துக்கொண்டிருந்தபோது பெரியவர் தனியாக ஏறி வந்தார். எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"ஒன்று கேட்கலாமா? நீங்கள் அவள் பக்கத்தில் இருந்தீர்கள்."

"கேளுங்க, முசியே."

"அவள் அழுதாளா?"

நான் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டேன்.

"மூன்று வருடமாக அவள் என் முன்னால் அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் உடைந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். நான் பார்க்கவில்லை என்று நம்பினால்தான் அவள் அழுவாள். அதனால்தான் ஏழடி கேட்டேன். நிழல்கூட என் பக்கம் தெரியாமல்."

யானைக்குச் சுவர் என்று கேலி பேசினேன். பிறகு, தன் கண்ணீரை மறைக்கத்தான் கேட்டார் என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன். இரண்டும் தப்பு. மனுஷன் தனக்காக ஓர் அங்குலம்கூடக் கேட்கவில்லை.

"அழுதாங்க, முசியே. நல்லா அழுதாங்க," என்றேன் தமிழில். பிறகு கான்வென்டில் அடி வாங்கிக் கற்றதையெல்லாம் கூட்டிப் பிரெஞ்சிலும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு கேட்டார்: "எப்போது?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீங்க குரல் உடைஞ்சு நின்னப்பதான். சொல்லியிருந்தால், மனைவிக்குத் தன் அழுகை கேட்டது அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வருடம் அவர் தடுப்புக்குப் பின்னாலும் அடக்கிக்கொள்வார். படிக்கட்டுத் திருப்பத்தில் உதட்டில் விரல் வைத்த அந்த அம்மாளின் முகம் எனக்கு முன்னால் நின்றது. என் வாழ்க்கையில் முதல்முறையாக, வந்த வார்த்தையை விழுங்கினேன்.

"ஆரம்பத்துலேயே. அந்தப் பாட்டுலேயே அழுதுட்டாங்க."

"அப்படியென்றால் நான் சொன்னது, நடுவில் நான்... அது அவளுக்குக் கேட்கவில்லையா?"

"ஒண்ணும் கேக்கலை, முசியே. அன்னைக்குக் கடல் சத்தம் அப்படி," என்றேன்.

அவர் வளைவு வழியாக வெளியே பார்த்தார். வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கடல் துளிச் சத்தமில்லாமல் கிடந்தது அவருக்கும் தெரியும்.

"ஆமாம், நல்ல சத்தம்," என்று சொல்லிவிட்டு, மனைவி கீழேயிருந்து கூப்பிடவும் காப்பி குடிக்க இறங்கிப் போனார்.